கடைசிப் படகுக்குள் முடிகிற வேலை

"தீவுப்பக்கத்தில் வேலைக்கு ஆள் பிடிக்க ஏலாது" என்று முதலாளிமார் சொல்வார்கள். "எங்கட பக்கத்தில வேலையே இல்லை மிஸ்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று மாறி மாறிக் கடமை பார்த்து வருகிற எனக்கு இந்த இரண்டு பேச்சும் பழகிப்போனவை. சில நாட்களில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். இருவர் சொல்வதும் உண்மை. ஆட்களும் இருக்கிறார்கள், வேலையும் இருக்கிறது. ஆனால் வேலை தொடங்குகிற நேரமும் முடிகிற நேரமும் படகும் பஸ்சும் ஓடுகிற நேரத்தோடு ஒத்துவருவதில்லை. தீவகத்து வேலைவாய்ப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வந்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, ஊர்காவற்றுறை வரை தரைவழி. வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் மேற்குக் கரையில் குறிகாட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவு கண்ணுக்குத் தெரிகிற தூரம். கால் மணி நேரப் படகு. நெடுந்தீவின் மாவிலித்துறைக்கு ஒரு மணி நேரம். சோளகக் காற்றுப் பிடித்துவிட்டால் அதற்கு மேல். அனலைதீவாரும் எழுவைதீவாரும் ஊர்காவற்றுறையில் வந்து இறங்குவார்கள். இந்த வழிகளை மனதில் வைத்துக்கொண்டு நகரத்துக் கடையொன்றின் வேலை நேரத்தைப் பாருங்கள். காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை. வேலணைப் பிள்ளைக்குச் சரிவரும். புங்குடுதீவுப் பிள்ளை இருட்டிய பிறகு பஸ்சால் இறங்கி, ஆளில்லாமல் பாழடைந்து கிடக்கிற வளவுகளைத் தாண்டி நடக்க வேண்டும். நயினாதீவுப் பிள்ளைக்குக் கடைசிப் படகு போய்விட்டிருக்கும். நெடுந்தீவுப் பிள்ளையைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. படித்த பிள்ளையா, கெட்டிக்காரப் பிள்ளையா என்ற கேள்வி வருவதற்கு முன்னமே படகு அந்தப் பிள்ளையைத் தெரிவிலிருந்து கழித்துவிடுகிறது.

எங்கள் பதிவுப் படிவத்தில் பெயர், முகவரி, கல்வித் தகைமை, விரும்பும் தொழில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அதன் பின்பக்கத்தில் நான் பேனையால் வேறு மூன்று விஷயம் எழுதிக்கொள்வேன்: எந்தத் துறையில் ஏறுவார், எத்தனை மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும், வீட்டில் யாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாளியோடு கதைக்கும்போது நான் முதலில் புரட்டுவது இந்தப் பின்பக்கத்தைத்தான்.

நேர்முகத் தேர்விலிருந்தே சிக்கல் தொடங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு நகரத்தில் நேர்முகம் என்றால், நெடுந்தீவுப் பெடியன் முதல்நாளே வந்து உறவினர் வீட்டில் படுக்க வேண்டும். உறவினர் இல்லாதவன் வரமாட்டான். வராதவனுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நகரத்து விடுதியொன்றின் முகாமையாளரிடம், "நீங்கள் ஒருநாள் குறிகாட்டுவானுக்கு வாங்கோ" என்று கேட்டேன். துறைமுகத்தடியில் ஒரு மேசை, நாலு கதிரை. காலைப் படகில் வந்தவர்களை அங்கேயே பார்த்து, மத்தியானத்துக்குள் முடித்தார். அவருக்குத் தேவையான ஆட்கள் அந்த ஒரு நாளிலேயே கிடைத்துவிட்டார்கள். தெரிவானவர்களுக்கு விடுதியின் பின்கட்டில் தங்க இரண்டு அறை ஒழுங்கு செய்தார். மாதத்தில் நாலு நாள் சேர்த்து லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பினார். வாரம் ஒருநாள் லீவு என்பது நெடுந்தீவானுக்குப் பிரயோசனமில்லாத லீவு. போய்ச் சேரவும் திரும்பவும் அது போய்விடும்.

முன்னொரு காலத்தில் தீவகத்தார் இந்தச் சிக்கலுக்குத் தாங்களே ஒரு வழி கண்டிருந்தார்கள். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்த புங்குடுதீவு, வேலணை, காரைநகர் வியாபாரிகள் ஊரிலிருந்து பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கடைக்கு மேல் அறையில் படுக்கை, கடையில் சாப்பாடு. முதலில் சாமான் கட்டுவது, பிறகு தராசு, பிறகு கல்லாப்பெட்டி, கடைசியில் கணக்குப் புத்தகம். சில வருடத்தில் அந்தப் பெடியன் தானே ஒரு கடை போடுவான். இன்றைக்குத் தொழிற்பயிற்சி, தங்குமிடம், வேலைவழிப் பயிலுதல் என்று நாங்கள் கருத்தரங்கு வைத்துப் பேசுகிற எல்லாம் அதில் இருந்தன. குறையும் இருந்தது. அந்தக் கதவு சொந்தக்காரனுக்கும் சொந்தச் சாதிக்காரனுக்கும்தான் திறந்தது. பெண் பிள்ளைக்கு அது இருந்ததேயில்லை.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதிக்குள் வந்தபோது சனம் அள்ளுண்டு போனது. வசதி இருந்தவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிசுக்கும் போனார்கள். பலர் திரும்பவில்லை. இப்போது தீவில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் கடலை நம்பியவர்கள், பனையை நம்பியவர்கள், இடம்பெயர்ந்து அலைந்து மீளக் குடியேறியவர்கள், கணவனைப் போரிலோ கடலிலோ இழந்துவிட்டுக் குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்கள். இவர்களுக்குக் கைத்தொழில் தெரியும். அதற்குக் கடதாசி இல்லை. நான் வேலை தேடிக் கொடுக்கப் பாடுபடுவது இவர்களுக்காகத்தான்.

நண்டு பதனிடும் நிலையம் ஒன்றோடு எனக்கு ஏற்பட்ட பழக்கத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்ல பாடங்கள் அந்த மேசையில் கிடைத்தவை.

எங்கள் கடலில் பிடிபடுகிற நீலக்கால் நண்டுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. நண்டை அவித்து, ஆறவைத்து, சதையைப் பிரித்து, தகரப் பேணியில் அடைத்துக் குளிரில் வைத்து ஏற்றுமதி செய்வார்கள். சதையைப் பிரிக்கிற வேலை முழுக்கப் பெண்களுடையது. நீண்ட எவர்சில்வர் மேசையின் இரு பக்கமும் வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, காலுக்கு றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஓட்டைக் கழற்றி, செவுளை நீக்கி, உடலை இரண்டாக முறித்து, துடுப்புக் காலின் அடியில் இருக்கிற பெரிய சதைக் கட்டியை உடையாமல் வெளியே எடுக்க வேண்டும். அதற்குத்தான் உச்ச விலை, 'ஜம்போ' என்பார்கள். அதற்கடுத்து உடம்புச் சதை, கடைசியில் கால்சதை. பிரித்த சதையை ஊதா விளக்கின் கீழே பரப்பினால் தப்பிப்போன ஓட்டுத் துணுக்கு மினுங்கும். அதை விரலால் பொறுக்கி எடுப்பார்கள். நண்டோடு பிறந்து வளர்ந்த பெண்களுக்கும் இது புது வேலை. வீட்டில் நண்டை உடைத்துத்தான் பழக்கம். இங்கே உடையாமல் எடுக்க வேண்டும்.

நிலையத்தார் ஆள் கேட்டு வந்தபோது விளம்பரத்தில் இப்படி இருந்தது: வயது 18 முதல் 35, சாதாரண தரம் சித்தி, நேரம் காலை 8 முதல் மாலை 5, எடைக்குக் கூலி, சம்பளம் மாத முடிவில். வந்தவர்களில் பாதிப்பேர் இரண்டாவது கிழமையில் நின்றுவிட்டார்கள். முகாமையாளர் என்னிடம் மனம் வெறுத்துச் சொன்னார்: "இவை வேலை செய்யிற ஆக்கள் இல்லை மிஸ்." நான் நின்றவர்களின் வீடுகளுக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்தவர் ஏன் நின்றார் என்று வீடு தேடிப்போய்க் கேட்பதை எந்தச் சுற்றறிக்கையும் எங்களுக்குக் கடமையாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்டறிவதற்கு ஈடாக எந்த ஆய்வும் இல்லை.

ஒரு அக்கா சொன்னார்: "தங்கச்சி, நான் பழகிற வரைக்கும் நாளுக்கு அரைவாசிக் காசுதான் வரும். மாதம் முடியுமட்டும் கடைக்காரன் கடன் தருவானோ? செவ்வாய்க்கிழமை லோன்காரன் வந்து வாசலில நிப்பான்." தீவுப் பெண்களை நுண்கடன் எவ்வளவு நெருக்கி வைத்திருக்கிறது என்பது கிராம அலுவலர் எல்லோருக்கும் தெரியும். கிழமைக் கடன் கட்டுகிற வீட்டுக்கு மாதச் சம்பளம் பொருந்தாது. கடற்தொழிலாளி வீடு அன்றன்றைய காசில் ஓடுகிற வீடு. வேலை பழகும் காலத்தில் எடைக்கூலி கொடுத்தால், மெதுவாகப் பழகுகிற பெண் பழகி முடிவதற்கு முன்னே பட்டினியால் நின்றுவிடுவார்.

இன்னொரு பெண், "காலையில பள்ளிக்குப் பிள்ளையை விட்டிட்டு எட்டுக்கு வர ஏலாது; எட்டரை எண்டால் வருவன்" என்றார். வேறொருவர் அடையாளமாகக் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சுகாதார விதிப்படி நகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள், தாலிக்கொடியையும். "அதைக் கழற்றி வைச்சிட்டு வேலை செய்ய எனக்கு மனம் வரேல்லை" என்றார். அவருடைய கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு முகாமையாளரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் கேட்டவை இவை: முதல் ஆறு கிழமைக்கு எடையைப் பார்க்காமல் நிலையான நாட்சம்பளம். சம்பளம் கிழமைக்கு ஒருமுறை. வேலை தொடங்குவது எட்டரைக்கு. வளையல், மோதிரம், தோடு கழற்றத்தான் வேண்டும். தாலிக்கொடி அங்கியின் கழுத்துக்குள் போய், மேலே இறுக்கமாகக் கட்டுகிற உள்சட்டைக்குள் அடங்கிவிட்டால் போதும். தரக் கட்டுப்பாட்டு அலுவலர் இதை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. உள்சட்டையைத் தைத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். வயது எல்லையை ஐம்பதுக்கு உயர்த்தவும், சாதாரண தரச் சித்தியை எடுத்துவிடவும் கேட்டேன். நண்டுச் சதை பிரிப்பதற்குக் கணிதப் பாடத்தில் சித்தி எதற்கு? அவரிடம் பதில் இல்லை. தலைமை அலுவலகம் எல்லா வேலைக்கும் ஒரே விளம்பரத்தைப் போட்டு வருகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

முகாமையாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு கிழமையில் நின்றுபோகிறவருக்கு அங்கி, பூட்ஸ், மருத்துவப் பரிசோதனை, பழக்குகிறவரின் நேரம், பழகும்போது உடைந்து வீணான சதை. அந்தச் செலவு ஆறு கிழமை நாட்சம்பளத்தைவிடக் கூட. அவர் சம்மதித்தது இரக்கத்தால் அல்ல, அந்தக் கணக்கால். எனக்கு அதில் சந்தோஷம். இரக்கத்தால் தொடங்கியது அடுத்த முகாமையாளர் வந்ததும் நின்றுவிடும். கணக்கில் நிற்கிறது நின்றுகொண்டே இருக்கும்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் அந்த மேசைக்கு வந்த பிறகு ஜம்போ உடைவது குறைந்தது. பனையோலையில் பெட்டியும் கடகமும் இழைத்துப் பழகிய விரல்கள் அவை. சார்வோலையைக் கிழியாமல் வார்ந்தெடுக்கிறவருக்கு நண்டுச் சதையை உடையாமல் எடுப்பது சில நாள் வேலை.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எடைக்கூலிக்காரர், நாட்கூலிக்காரர், தற்காலிகம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சேமலாப நிதி கட்ட வேண்டும்; தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 சனவரியிலிருந்து 30,000 ரூபா. இந்த இலக்கங்களைத் தீவுப் பெண்கள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 'கொம்பனி வேலை' வேலையே இல்லை, அரச வேலைதான் வேலை என்று நினைக்கிற தாய்மாருக்கும் இதையே சொல்வேன். அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்து முப்பத்தைந்து வயதைக் கடந்த பட்டதாரிகள் என் பதிவேட்டில் இருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் பக்கம் வருகிறேன். அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதம் அவர்களுக்கு என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88 சொல்கிறது. 1988இல் வந்தது. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. 2016இல் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் நாடு ஏற்றுக்கொண்டது. தனியார் நிறுவனத்தை அந்த 3 வீதம் கட்டுப்படுத்தாது. ஆகவே தனியாரிடம் நான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. "வேலையை எனக்கு ஒருக்கால் நடந்து காட்டுங்கோ" என்று கேட்பேன். வாசலிலிருந்து வேலை செய்கிற இடம் வரை, காலையிலிருந்து பின்னேரம் வரை, அந்த வேலைக்காரர் என்னென்ன செய்கிறார் என்று கூடவே நடந்து பார்ப்பேன். எங்கே படி, எங்கே ஈரம், எங்கே தூக்க வேண்டும், எங்கே காது தேவை, எங்கே கண் தேவை. அப்படி நடந்து பார்த்தால் பெரும்பாலான வேலைகளில் இரண்டே இரண்டு இடத்தில்தான் உண்மையான தடை இருக்கும். மற்றதெல்லாம் பழக்கம்.

ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லாத ஒருவர். செல்வீச்சில் போனது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்த காலோடு நடப்பார். மீன் கொள்வனவு செய்கிற இடத்தில் நிறுவைக்காரர் வேலைக்கு அவரைச் சொன்னேன். "நிலம் முழுக்கத் தண்ணி, வழுக்கி விழுந்தா ஆர் பொறுப்பு?" என்று உரிமையாளர் பயந்தார். நியாயமான பயம். நடந்து பார்த்தோம். நிறுவைத் தராசை உட்பக்கத்திலிருந்து வாசலோரத்துக்கு மாற்றினால் அவர் ஈரத்தில் நடக்கவே தேவையில்லை. உயரமான முக்காலி ஒன்று, காலடியில் ஒரு றப்பர் விரிப்பு. பெட்டிகளைத் தராசில் வைப்பவர்கள் எப்படியும் கடற்தொழிலாளிகள்தான். அவர் வேலை முள்ளைப் பார்ப்பதும் சிட்டை எழுதுவதும். சில மாதத்தில் அந்த உரிமையாளர் என்னிடம் சொன்ன விஷயம் நான் எதிர்பார்க்காதது: நிறுவையில் வழமையாக நடக்கிற வாய்த்தர்க்கம் நின்றுவிட்டது. எல்லோரும் பார்க்கிற வாசலில் தராசு இருந்ததும், சிட்டையை அவர் உரக்கப் படித்துவிட்டே கொடுத்ததும் காரணம். தராசை அவருக்காக மாற்றினார்கள். அதன் பலன் துறைக்கு வந்த அத்தனை பேருக்கும் கிடைத்தது.

அவருடைய மிகப் பெரிய சிரமம் வேலையிடத்தில் இல்லை, இறங்குதுறையில் இருந்தது. சோளகக் காலத்தில் படகு ஏறி இறங்கும். துறைக்கும் படகுக்கும் இடையில் ஒரு எட்டு எடுத்து வைப்பது இரண்டு கால் இருப்பவருக்கே கண்டம். படகில் நிற்கிற பெடியன்கள் கைகொடுப்பார்கள். அந்தக் கை இல்லாத நாளில் வேலையும் இல்லை. துறையில் பிடிகம்பியும் மிதவைப் படியும் போடுவது வேலைவாய்ப்புத் திட்டம் என்று எந்தப் பாதீட்டிலும் எழுதப்படுவதில்லை. நான் அதை வேலைவாய்ப்புத் திட்டம் என்றே எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்துவிட்டு வந்த, காது கேளாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களை எடுக்கிற இடத்தில் ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள், இருவராக எடுங்கள் என்று கேட்பேன். நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்காமல் யாராலும் வேலையில் நிற்க முடியாது.

முதலாளிமார் வாய்விட்டுக் கேட்காத கேள்விகளும் உண்டு. புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளி என்றால், விசாரிக்க யாராவது கடைக்கு வருவார்களோ என்ற பயம். 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 பேர் அந்த வழியால் வந்தவர்கள்; அவர்களில் பலர் இன்று நாற்பதைத் தாண்டிய குடும்பக்காரர். அதை மறைத்து வேலைக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. பிறகு தெரியவந்தால் அவருக்குத்தான் அவமானம். அவரிடமே கேட்டு, அவர் சம்மதித்தால் முதலாளியிடம் நேரே சொல்லிவிடுவேன். யாராவது விசாரித்து வந்தால் பிரதேச செயலகத்தில் என் பெயரைச் சொல்லுங்கள் என்றும் சொல்வேன். ஒருவர் பின்னால் நிற்கிறார் என்று தெரிந்தாலே அந்தப் பயத்தில் பாதி இறங்கிவிடும். அடுத்தது, "ஆற்ற பிள்ளை, எந்தப் பகுதி?" என்ற விசாரிப்பு. சாப்பாட்டுக்கடைக்கு ஆள் எடுப்பவர்கள் சிலர் இன்றும் இதைக் கேட்கிறார்கள். சாதியை அறியத்தான் கேட்கிறார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. மறுபடி கேட்டால் அந்தக் கடைக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.

பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்கிற நிறுவனம் தீவகத்தில் ஆள் எடுக்க முடியாது. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் நடந்த கொலைகளை நெடுந்தீவில் மறந்த வீடு இல்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி கடத்திக் கொல்லப்பட்டதைக் கேட்டு முழு நாடும் தெருவில் இறங்கியது. அதற்குப் பிறகு பல வீடுகளில் பெண் பிள்ளையின் வேலைக்கு ஒரே நிபந்தனை, வாகனம் வாசலுக்கு வர வேண்டும் என்பதுதான். ஆடைத் தொழிற்சாலை பஸ் பெரிய வீதியில் நின்றுவிட்டு, அரைக் கட்டை தூரம் பிள்ளை நடந்து வரட்டும் என்றால் அந்தத் தாய் அனுப்பமாட்டார். ஒழுங்கைக்குள் போகக்கூடிய சின்ன வான் விட்டால் அனுப்புவார். வேலைக்குச் சேர்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்வேன். தாய்மார் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. மலசலகூடத்தைப் பார்ப்பார்கள், சாப்பாட்டறையைப் பார்ப்பார்கள், மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிற இடம் சரியான இடம்தான்.

நயினாதீவுக்கு வேறு கணக்கு. நாகபூசணி அம்மன் கோயில் ஆனித் திருவிழாவுக்கும், நாக விகாரைக்குத் தெற்கிலிருந்து வருகிற யாத்திரிகருக்குமாக அங்கே வேலை அலையலையாய் வந்து போகும். அங்கே சிங்களம் கதைக்கத் தெரிந்த பிள்ளைக்கு எப்போதும் தேவை உண்டு; ஆகவே சிங்கள வகுப்பை ஒரு தொழிற்பயிற்சியாகவே நடத்துகிறோம்.

கடதாசி இல்லாதவர்களுக்கான வழி ஒன்று இருக்கிறது. அதைத் தீவில் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. தேசிய தொழில் தகைமையில், வகுப்புக்குப் போகாமல் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவரை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற ஏற்பாடு உண்டு. வெளிப்பொருத்து இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக் கடலில் வயதைக் கழித்த ஒருவர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மதிப்பீட்டாளர் கேட்ட எழுத்துக் கேள்விக்கு அவர் தடுமாறினார். இயந்திரத்தை முன்னால் வைத்ததும், கயிற்றை இழுத்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டே, "காபறேற்றருக்குள்ள உப்பு" என்றார். கழற்றிப் பார்த்தார்கள்; உப்புத்தான். மதிப்பீட்டாளரை இயந்திரம் இருக்கிற இடத்துக்குக் கொண்டு வந்ததுதான் அங்கே நான் செய்த ஒரே உதவி. யாழ்ப்பாணத்து அறையொன்றில் அந்த மதிப்பீடு நடந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். இப்போது அவர் கையில் மட்டம் 3 சான்றிதழ் இருக்கிறது. இறங்குதுறைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்து இரண்டு பெடியன்களைப் பழக்குகிறார்.

நான் இப்போது ஓடித் திரிவது மின்சார விஷயமாக. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் இதுவரை டீசல் இயந்திரம்தான் மின்சாரம் தந்தது. இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் மானியத்தில் சூரிய சக்தியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுக்குமாகச் சேர்த்து சூரியசக்தியில் 1,700 கிலோவொட், காற்றில் 530 கிலோவொட், கூடவே மின்கலத் தொகுதியும். பலகைகளை உப்புப் படியாமல் கழுவ வேண்டும். முடுக்காணியில் துரு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்கல அறையின் வெப்பத்தைக் குறிக்க வேண்டும். பழுது வந்தால் படகு ஓடாத நாளிலும் ஆள் வேண்டும். இந்த வேலைக்கு நகரத்திலிருந்து ஆளை ஏற்றினால் கடைசிப் படகுக்கு அவர் திரும்பிவிடுவார். தீவிலேயே படுத்தெழும்புகிற ஒருவருக்கு இருக்கிற தகுதி அவருக்கு இல்லை. ஆள் தேர்வில் படகு முதல் தடவையாக எங்கள் பிள்ளைகள் பக்கம் நிற்கிறது.

ஆனால் மின்னிணைப்பாளர் பயிற்சி முடிய மாதக்கணக்காகும். ஆள் தேவை என்ற விளம்பரம் வந்த பிறகு பயிற்சி தொடங்கினால் வேலை வேறிடத்துக்குப் போய்விடும். ஆகவே விளம்பரத்துக்கு முன்னமே பட்டியல் வேண்டும்: ஒவ்வொரு தீவிலும் வயரிங் வேலை தெரிந்தவர் யார், சாதாரண தரம் எழுதிவிட்டு வலைக்குப் போகிற பெடியன் யார், கற்க விரும்புகிற பெண் பிள்ளை யார், யாருக்குத் தகைமை மதிப்பீடு போதும், யாருக்கு முழுப் பயிற்சி வேண்டும். பயிற்றுநர் தீவுக்கு வந்து தங்க ஓர் இடமும் வேண்டும். அனலைதீவில் பூட்டிக் கிடக்கிற ஒரு பொது மண்டபத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அனலைதீவின் பெயர்கள் சேர்ந்துவிட்டன. அதில் பெண் பிள்ளைகள் மூவர் இருக்கிறார்கள். நயினாதீவுப் பட்டியல் கோயில் திருவிழா முடியத்தான் நிரம்பும். நெடுந்தீவில் இன்னும் இரண்டு வட்டாரம் மிச்சம்; காற்று விட்டதும் காலைப் படகில் போக வேண்டும்.